கட்டுமரம் – கடல் கடந்த ஒரு தமிழ்ச் சொல்லின் கதை



விழா மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க் குழுவினர் போன் செய்தபோது, விடுதி மெஸ்ஸைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். "அதை ஏற்கெனவே ஏழு பேர் எழுதிட்டாங்க, நீ வேற ஏதாவது உருப்படியா எழுது" என்றார்கள். சரி, பழைய கடன் ஒன்று பாக்கி இருக்கிறது, அதைத் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கடன் யாருக்கு என்றால், நம் கல்லூரிக்குத்தான்.

நான் 2005-09 அணி, மெக்கானிக்கல். மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, 2007-ல், நம் கல்லூரி சிம்போசியத்தில் 'பழந்தமிழரின் தொழில்நுட்பம்' என்று ஒரு கட்டுரை வாசித்தேன். அதில் கட்டுமரத்தைப் பற்றி மூன்று செய்திகள் சொன்னேன். ஒன்று: உலகம் முழுக்க வேகப் படகுகளுக்கு வழங்கும் 'கேட்டமரன்' என்ற ஆங்கிலச் சொல் நம் 'கட்டுமரம்'தான். இரண்டு: இன்றைய இரட்டை உடல் வேகப் படகுகள் நம் கட்டுமரத்தைப் பார்த்துக் காப்பியடித்தவை. மூன்று: சோழர்கள் இந்தக் கட்டுமரங்களில் படை ஏற்றிக்கொண்டு போய்த்தான் கடாரத்தை வென்றார்கள். மூன்றாவது செய்தியைச் சொல்லும்போது நான் மேசையைத் தட்டினேன். கைதட்டல் பலமாக இருந்தது. இரண்டாம் பரிசாக ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள்.

நான் சொன்ன மூன்றில் ஒன்றுதான் சரி. மற்ற இரண்டும் இணையத்தில் எங்கோ படித்து, சரிபார்க்காமல் ஒப்பித்தவை. இதை அன்று ராத்திரியே எனக்குச் சொன்னவன் என் அறைத் தோழன். அவன் ஊர் பாகூர் கொம்யூனில் பனித்திட்டுப் பக்கம் ஒரு கடற்கரைக் குப்பம். அவன் அப்பா கட்டுமரத்தில் போய் மீன் பிடித்தவர். "மச்சான், நீ கட்டுமரத்தை எப்பவாவது பக்கத்துல பார்த்திருக்கியா?" என்று கேட்டான். நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கரையில் தூரத்திலிருந்து பார்த்ததுதான்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. என் ஊர் செலியமேடு. கவிஞர் வாணிதாசன் வாழ்ந்த ஊர் என்று சொன்னால் சிலருக்குத் தெரியும். பாகூர் பக்கத்து வயல்காட்டு ஊர். நெல், கரும்பு, வாய்க்கால், ஏரித் தண்ணீர், இவைதான் எங்கள் பேச்சு. கிழக்கே சைக்கிளை மிதித்தால் கடல் வந்துவிடும், ஆனாலும் கடல் எங்களுக்கு வேறு உலகம். மீன் கூடை தலையில் வரும்போது மட்டும் தெரியும் உலகம்! அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே கேட்டதையும், பிறகு இத்தனை வருஷங்களில் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பதினெட்டு வருஷத்துக்கு மேல் தாமதமான ஒரு திருத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரியான செய்தி

முதலில் சரியானதைச் சொல்லிவிடுகிறேன். 'கேட்டமரன்' தமிழ்ச் சொல்தான். இதில் சந்தேகமே வேண்டாம். ஆங்கில அகராதிகளும் அப்படித்தான் சொல்கின்றன.

இந்தச் சொல் ஐரோப்பியர் எழுத்தில் ஏறியது சோழமண்டலக் கரையில்தான். வெனிஸ் நகரத்து ரத்தின வியாபாரி காஸ்பரோ பால்பி 1583-ல் சாந்தோமில் இறங்கினார். அலை உடையும் அந்தக் கரையில், ஏழு உருட்டு மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவையில் ஆட்கள் வருவதைப் பார்த்து எழுதி வைத்தார். அதற்கு அவர் எழுதிய பெயர் 'கதமெரோனி'. கட்டுமரம் என்ற சொல்லை இத்தாலியக் காது அப்படித்தான் வாங்கியிருக்கிறது. நூறு வருஷம் கழித்து, 1697-ல் வெளிவந்த தன் பயண நூலில், வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி சோழமண்டலக் கரையின் 'கேட்டமரன்' பற்றி எழுதினார். ஓர் ஆள் மட்டும் உட்காரும் சின்ன மரம், ஆளின் கால்கள் எப்போதும் தண்ணீரில் நனைந்துகொண்டே இருக்கும் என்பது அவர் கண்டது. நம் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் 'கத்திமரோன்' என்று எழுதினார்கள்.

இத்தனை பேர் ஏன் இதையே எழுதினார்கள்? நம் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. சென்னையிலும் சரி, புதுச்சேரியிலும் சரி, கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் அலை வரிசை வரிசையாக உடைந்துகொண்டிருக்கும். ஐரோப்பியரின் படகு அந்த அலையில் மாட்டினால் கவிழ்ந்துவிடும். ஆட்களையும் சரக்கையும் கொண்டுவரக் கயிற்றால் தைத்த மசூலாப் படகு உண்டு. அதையே புதுச்சேரியில் சலங்கு என்றார்கள். அந்தப் படகும் போக முடியாத கடலில் கட்டுமரம் போகும். சென்னையில் கடிதங்களைத் தலைக்குல்லாயில் நனையாமல் வைத்துக்கொண்டு கப்பலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் கட்டுமரக்காரர்கள். ஆகவே புதிதாக வரும் வெள்ளைக்காரர் இந்தக் கரையில் முதலில் பார்க்கும் மனிதரே கட்டுமரத்தில் வருபவர்தான். சொல் கப்பலேறியது இப்படித்தான்.

முதல் தவறு: சோழர் படை

இனி என் தவறுகள். நண்பன் வீட்டு வாசலில் பழைய கட்டுமரத்தின் நடுமரம் ஒன்று கிடந்தது. அதில்தான் எங்களை உட்காரச் சொன்னார் அவன் அப்பா. மற்ற மரங்கள் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் போய்விட்டன. அந்த ஒன்று மட்டும் தெருமுனையில் ஒதுங்கியிருந்ததாம். நண்பன் என் கட்டுரையின் பெருமையைச் சிரித்துக்கொண்டே அவரிடம் சொன்னான். அவர் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, கப்பல்னா தண்ணி உள்ள வராம பாத்துக்கணும். மரம் அப்படி இல்ல. தண்ணி இடுக்கு வழியா உள்ள வரும், அதுவே வெளிய போவும். நாங்க போறதே நனைஞ்சிகினுதான். இதுல எந்த ராசா குதிரைய ஏத்துவான்? அரிசி மூட்டைய எங்க வெப்பான்?"

(ஒன்று கவனியுங்கள். அவர் கட்டுமரம் என்று சொல்லவே இல்லை. 'மரம்' என்றுதான் சொன்னார். கடற்கரையில் மரம் என்றாலே அதுதான். மரத்தைத் தள்ளு, மரம் வந்துடுச்சா, இப்படி.)

அவர் இரண்டு நிமிஷத்தில் சொன்னதற்கு மேல் வரலாற்று ஆதாரமும் வேறு எதுவும் சொல்லவில்லை. ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு 1025-ஐ ஒட்டி நடந்தது. அவன் மெய்க்கீர்த்தி பேசுவது 'கலம்' பற்றி. சங்க நூல்களில் பெரிய கப்பலுக்கு நாவாய், வங்கம், கலம் என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. வங்கக் கடலைக் கடந்து சுமத்ராவுக்கும் மலாய்க் கரைக்கும் படையோடு போக உள்ளறை கொண்ட பெரிய மரக்கலங்கள் தேவை. கட்டுமரம் கரையோரத்து மீன்பிடி மிதவை. இரண்டும் வேறு வேறு திறமை. சோழருக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்து, கப்பல் கட்டத் தெரிந்த தச்சர்களின் பெருமையையும் கெடுத்தேன், மரம் கட்டத் தெரிந்த மீனவரின் பெருமையையும் கெடுத்தேன்!

இரண்டாவது தவறு: காப்பியடித்தார்கள் என்பது

இன்றைய கேட்டமரன் படகை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஒல்லியான இரண்டு படகு உடல்கள், நடுவில் இடைவெளி, மேலே ஒரு தளம். நம் கட்டுமரத்திலோ மரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். ஒரே மிதவை. நடுவில் இடைவெளி இல்லை, வேகத்துக்காகச் செய்ததும் இல்லை. அப்படியானால் பெயர் எப்படி அங்கே போய் ஒட்டிக்கொண்டது?

இரட்டை உடல் படகின் உண்மையான பல்கலைக்கழகம் பசிபிக் பெருங்கடல். பாலினீசியத் தீவுக்காரர்கள் இரண்டு நீண்ட தோணிகளை இணைத்து, பாய் கட்டி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடலைக் கடந்து தீவு தீவாகக் குடியேறினார்கள். 1976-ல் ஹொக்குலேயா என்ற அப்படிப்பட்ட படகை மறுபடி செய்து, திசைகாட்டி இல்லாமலே ஹவாயிலிருந்து தாஹிட்டி வரை ஓட்டிக் காட்டினார்கள். ஐரோப்பாவிலும் தனி முயற்சிகள் நடந்தன. 1662-லேயே டப்ளினில் வில்லியம் பெட்டி இரட்டை உடல் படகு செய்து ஓட்டினார். அதற்கு அவர் கேட்டமரன் என்று பெயர் வைக்கவில்லை.

இதற்கிடையில் நம் சொல் ஆங்கிலக் கப்பற்படையில் வேலைக்குச் சேர்ந்திருந்தது. மாலுமிகள் வாயில், சேர்த்துக் கட்டிய எந்த மிதவையும் கேட்டமரன் ஆகிவிட்டது. 1804 அக்டோபர் 2-ஆம் தேதி இரவு, பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க ஆங்கிலேயர்கள் வெடிமருந்து அடைத்த மிதக்கும் பெட்டிகளை அனுப்பினார்கள். அமெரிக்கர் ராபர்ட் ஃபுல்டனின் யோசனை அது. அந்தப் பெட்டிகளுக்கும் கேட்டமரன் என்றுதான் பெயர்! சத்தம் வந்த அளவுக்குச் சேதம் இல்லை. பிறகு ஆங்கில நாவல்களில் சண்டைக்காரப் பெண்ணுக்கும் கேட்டமரன் என்று பட்டம் வந்தது. சொல்லின் முன்பகுதி பூனை மாதிரி ஒலித்ததுதான் காரணம் போலும். ஊரை விட்டுப் போன பிள்ளை என்னென்ன வேலையெல்லாம் பார்க்கிறான் பாருங்கள்.

கடைசியில் அந்தப் பிள்ளைக்கு நல்ல வேலை வாங்கிக் கொடுத்தவர் ஒரு மெக்கானிக்கல் இன்ஜினீயர். நம்ம ஆள்! அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த நத்தானியல் ஹெரெஷாஃப். 1876-ல், 28 வயதில், 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் பாய்ப்படகைச் செய்து நியூயார்க் பந்தயத்தில் விட்டார். பெரிய பெரிய படகுகளையெல்லாம் அது பின்னுக்குத் தள்ளியது. தோற்றவர்கள் இது படகே இல்லை என்று புகார் செய்தார்கள், வெற்றி பறிபோனது. அடுத்த வருஷம் 1877-ல் அவர் காப்புரிமை வாங்கினார். இப்படிப்பட்ட படகுகளுக்கு அமெரிக்காவில் வழங்கிய பெயர் கேட்டமரன். சேர்த்துக் கட்டிய இரண்டு என்ற அர்த்தத்தில் வந்த பெயர். அதற்குப் பிறகு பெயர் மாறவில்லை.

ஆக, பொருள் பசிபிக்கிலும் ஹெரெஷாஃப் பட்டறையிலும் வளர்ந்தது. பெயர் மட்டும் நம் கரையிலிருந்து போனது. காப்பியடித்தார்கள் என்று நான் சொன்னது தவறு. பெயரை வாங்கிக்கொண்டார்கள் என்பதே சரி.

வேகம் எங்கிருந்து வருகிறது?

ஜூனியர்களுக்காக ஒரு பாரா. மற்ற துறைக்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும். படகு ஓடும்போது தன் மூக்கில் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடும். அலையின் நீளம் படகின் நீளத்தைத் தொடும்போது, படகு தான் எழுப்பிய மேட்டின் மேலேயே ஏற வேண்டியதாகிவிடும். அதற்கு மேல் எவ்வளவு தள்ளினாலும் பாதி சக்தி அலை எழுப்புவதில் வீணாகும். சாதாரணப் படகுக்கு இந்த எல்லை, நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் 'நாட்' கணக்கில் கிடைக்கும். 25 அடிப் படகுக்கு 5 பெருக்கல் 1.34, அதாவது 6.7 நாட், மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். வில்லியம் ஃப்ரூட் 1870-களில் தொட்டியில் மாதிரிப் படகுகளை இழுத்துப் பார்த்து வகுத்த கணக்கின் வழி வந்தது இது.

உடலை மிக ஒல்லியாகச் செய்தால் அது எழுப்பும் அலை சின்னது, இந்த எல்லையைத் தாண்டி ஓடலாம். ஆனால் ஒல்லியான படகு நிற்காது, சாய்ந்துவிடும். இரண்டு ஒல்லிகளைத் தள்ளி நிறுத்தி மேலே ஒரு தளத்தால் கட்டிவிட்டால்? வேகமும் உண்டு, சாயாமலும் நிற்கும். கேட்டமரனின் ரகசியம் இவ்வளவுதான்.

இதன் பலனைப் பாருங்கள். அட்லாண்டிக் கடலை வேகமாகக் கடக்கும் பயணிக் கப்பலுக்கு 'ஹேல்ஸ் கோப்பை' என்று ஒன்று உண்டு. 1952-ல் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற பிரம்மாண்டக் கப்பல் வாங்கியதை 38 வருஷம் யாரும் அசைக்க முடியவில்லை. 1990-ல் ஆஸ்திரேலியாவில் ஹோபார்ட் நகரில் இன்கேட் நிறுவனம் கட்டிய 74 மீட்டர் கேட்டமரன் 3 நாள் 7 மணி 54 நிமிஷத்தில் கடந்து அதைப் பறித்தது. 1998-ல் அதே நிறுவனத்தின் இன்னொரு கேட்டமரன் 3 நாளுக்கும் குறைவாகக் கடந்தது. 2013-ல் இன்கேட் கட்டிய 'பிரான்சிஸ்கோ' சோதனை ஓட்டத்தில் 58 நாட்டைத் தொட்டது. மணிக்கு 107 கிலோமீட்டர்! புதுச்சேரி-கடலூர் ரோட்டில் பஸ் போகாத வேகம்.

இன்கேட் என்ற பெயரில் கடைசியில் இருக்கும் 'கேட்', கேட்டமரனின் சுருக்கம். அதாவது நம் 'கட்டு'. மூன்று உடல் படகு வந்தபோது, அமெரிக்காவில் குடியேறிய விக்டர் செச்செட் என்பவர் 'கட்டு'வை எடுத்துவிட்டு 'ட்ரை'யை வைத்து 'ட்ரைமரன்' என்றார். அதில் மிச்சம் இருப்பது நம் 'மரம்'. 2010-ல் அமெரிக்கா கோப்பைப் பாய்ப்படகுப் போட்டியில் ஒரு பக்கம் கேட்டமரன், எதிர்ப்பக்கம் ட்ரைமரன். கட்டு ஒரு பக்கம், மரம் இரண்டு பக்கமும் என்று சிரித்துக்கொண்டேன்.

அரிக்கமேட்டிலிருந்து பிரேசில் வரை

இந்தக் கதையில் நான் ரசித்த திருப்பம் ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்கு எங்கள் ஊரிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம், அரியாங்குப்பம் ஆற்றங்கரைக்கு வரவேண்டும். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேடு அங்கேதான். கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய 'எரித்திரியக் கடல் வழிகாட்டி' நம் கரையில் 'பொதுகே' என்ற துறைமுகத்தைச் சொல்கிறது. அரிக்கமேடுதான் அது என்பது பெரும்பாலோர் கருத்து. அந்தப் பக்கத்துப் படகுகளில் 'சங்கரா' என்று ஒரு வகையையும் அந்த நூல் குறிப்பிடுகிறது. 1912-ல் மொழிபெயர்த்த ஷாஃப், ஒற்றை மரங்களைச் சேர்த்துக் கட்டிய பெரிய கலம் என்றார். 1989-ல் மொழிபெயர்த்த கேஸன், நுகத்தடியால் இணைத்த பெரிய தோணிகள் என்றார். கேஸன் சொல்வதை ஏற்றால், 2000 வருஷத்துக்கு முன்பே நம் கரையில் இரட்டைத் தோணி ஓடியிருக்கிறது. ஆனால் அதன் பெயர் கட்டுமரம் இல்லை!

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் 'சங்கடம்' என்று தேடிப் பாருங்கள். மனக்கஷ்டம் என்பது ஒரு சொல். அதே எழுத்தில் இன்னொரு சொல் இருக்கிறது, அதற்கு அர்த்தம் இரட்டைத் தோணி. மலையாளத்தில் சங்ஙாடம். கேரளத்தில் காரையும் ஜனங்களையும் ஏற்றி உப்பங்கழியைக் கடக்கிறதே ஜங்கார், அது இந்தக் குடும்பம்தான். 'சங்கரா'வும் இதே சொல்தான் என்று அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

மலையாளக் கரையில் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்ட போர்ச்சுக்கீசியர் 'ஜங்காடா' என்றார்கள். அதைப் பிரேசிலுக்குக் கொண்டுபோய் அங்கே எதற்கு வைத்தார்கள் தெரியுமா? வடகிழக்குப் பிரேசில் மீனவர்கள் லேசான மரங்களைச் சேர்த்துக் கட்டிப் பாய் விரித்து ஓட்டும் மிதவைக்கு! அதாவது, நம் இரட்டைத் தோணியின் பெயர் பிரேசிலில் கட்டுமரத்துக்குப் போனது. நம் கட்டுமரத்தின் பெயர் அமெரிக்காவில் இரட்டைத் தோணிக்குப் போனது. கல்யாண வீட்டில் செருப்பு மாறிப் போவது மாதிரி!

அந்த ஜங்காடாக்காரர்களைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 1881-ல் பிரேசிலின் ஃபோர்ட்டலேசா கரையில், அடிமைகளைக் கப்பலுக்கு ஏற்றிச் செல்ல மாட்டோம் என்று அவர்கள் மறுத்து நின்றார்கள். கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் இருந்தது அவர்கள் மிதவைதான்; அவர்கள் மறுத்தால் ஏற்றுமதி நின்றது. அந்த மாகாணம் 1884-ல் அடிமைமுறையை ஒழித்தது. முழுப் பிரேசிலும் ஒழிக்க 1888 ஆனது. கட்டிய மரத்தில் ஏறி நின்ற ஏழை மீனவன் வரலாற்றையே கொஞ்சம் நகர்த்தியிருக்கிறான். என் சிம்போசியம் கட்டுரையில் மேசையைத் தட்ட வேண்டிய இடம் இதுதான். அன்று எனக்கு இது தெரியாது.

சொல்லுக்குள் இருக்கும் வேலை

மறுபடி நண்பன் வீட்டு வாசலுக்கு வருகிறேன். அவன் அப்பா அந்த ஒற்றை மரத்தைத் தட்டிக் காட்டிச் சொல்லிக் கொடுத்தார். லேசான மரமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் அதன் இடம் உண்டு. நடுமரத்தை ஓரத்தில் வைத்துக் கட்ட முடியாது. கோடாரியும் உளியும் கொண்டு செதுக்கும்போதே பக்கத்து மரத்தோடு பொருந்துகிற மாதிரி வளைவு கொடுத்துவிடுவார்கள். முன்னாலும் பின்னாலும் குறுக்குக் கட்டை வைத்துக் கயிற்றால் கட்டுவார்கள். ஓர் ஆணி கிடையாது. கடலிலிருந்து வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போட வேண்டும். ஏனென்றால் லேசான மரம் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். அடுத்த முறை போகும்போது மறுபடி கட்ட வேண்டும்.

"தெனம் அவுக்கிறீங்க, தெனம் கட்டுறீங்களா ப்பா?" என்று கேட்டேன்.

"பின்ன? ரொம்ப இறுக்கிக் கட்டினா அலை அடிக்கிற அடியில கயிறு அறுந்துடும். தளரக் கட்டினா மரம் பிரிஞ்சி ஆளை நசுக்கிடும். எவ்ளோன்னு கைதான் சொல்லணும். மரம் யார் வேணா வாங்கலாம் தம்பி. கட்டுதான் சொத்து."

பள்ளியில் தமிழ் ஐயா வினைத்தொகை நடத்தியது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 'ஊறுகாய்' என்றால் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். மூன்று காலமும் அதில் அடக்கம். 'கட்டுமரம்' என்பதையும் அப்படி வினைத்தொகையாக எடுத்துக்கொண்டு பாருங்கள். நேற்றுக் கட்டிய மரம், இன்று கட்டுகின்ற மரம், நாளை கட்டும் மரம். தினமும் அவிழ்த்துத் தினமும் கட்டப்படும் ஒரு கலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உலகத்தில் எந்த மொழியில் இருக்கிறது? பெயர் வைத்தவர் இலக்கணம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. கயிறு பிடித்தவராக இருந்திருப்பார். சொல்லைக் கடன் வாங்கியவர்களுக்கு 'கேட்டமரன்' வெறும் பெயர்ச்சொல். நமக்கு மட்டும்தான் அதற்குள் ஒரு வேலை நடந்துகொண்டிருப்பது கேட்கும்.

இன்ஜினீயராகவும் ஒன்று சொல்கிறேன். ஓட்டை விழுந்தாலும் மூழ்க முடியாத கலம், ஏனென்றால் அதற்கு உள்ளே என்று ஒன்று கிடையாது. அடியை எதிர்த்து நிற்காமல் வளைந்து கொடுக்கும் கயிற்று இணைப்பு. பழுதானால் ஒரு மரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பிரித்துத் தோளில் தூக்கிக்கொண்டு போகலாம். துறைமுகமே இல்லாத கரைக்கு இதைவிட நல்ல டிசைன் வேறென்ன? 58 நாட் வேகத்தை இதன் தலையில் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-லேயே இந்தியப் படகு வகைகளை ஊர் ஊராகப் பார்த்து எழுதினார். கோலா மீன் பிடிக்க ஏழு மரம் சேர்த்துக் கட்டிய பெரிய கோலாமரம் உட்பட, கட்டுமரத்திலேயே வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு வகைகளை அவர் பதிவு செய்தார். வெளியூர்க்காரர் குனிந்து பார்த்ததை, பக்கத்து ஊர்க்காரனான நான் பார்க்காமலே மேடையேறினேன்.

போகும் மரம்

பின்னாளில் வேலை விஷயமாக ஹாங்காங் போனபோது, மக்காவுக்குப் போகும் இரட்டை உடல் வேகப் படகில் ஏறினேன். ஏறக்குறைய 60 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் கடந்தது. கண்ணாடி ஜன்னல், ஏசி, காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பக்கத்து சீட்டில் இருந்த சக ஊழியர், இதை ஏன் கேட்டமரன் என்கிறார்கள் என்று கேட்டார். என் ஊர்ப் பக்கத்துச் சொல் என்று ஆரம்பித்து, மேலே எழுதியதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்ட அடுத்த கேள்வி: "உங்கள் ஊரில் இப்போதும் அதைக் கட்டுகிறார்களா?"

பதில் சொல்லச் சங்கடமாக இருந்தது. (இது இரட்டைத் தோணி இல்லை, முதல் அர்த்தம்தான்!) அவுட்போர்டு மோட்டாரும் பிளைவுட், ஃபைபர் படகுகளும் 1980-களிலேயே வர ஆரம்பித்துவிட்டன. 2004 பேரலைக்குப் பிறகு நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். நான் அதைக் குறை சொல்லவில்லை. தூரம் போகலாம், பிடித்த மீனைப் பத்திரமாகக் கொண்டு வரலாம், இடுப்பு வரை நனைந்து நடுங்க வேண்டாம். நண்பனின் அப்பாவே கடைசி வருஷங்களில் பங்குக்கு ஃபைபரில்தான் போனார். "மரத்துக்குத் திரும்பப் போவீங்களா?" என்று ஒரு தடவை கேட்டேன். "உடம்பு போவாதுப்பா, கை போவும்" என்றார். அவர் இப்போது இல்லை. அந்தத் தெருவில் முழு மரத்தைக் கட்டத் தெரிந்தவர்கள் வயசான சிலர்தான். என் நண்பனுக்கே முடிச்சு தெரியாது. இன்ஜினீயரிங் படிக்க வந்துவிட்டான் அல்லவா, என்னைப் போல.

சொல் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பெற்ற கையோ நம் பக்கத்துக் கரையிலேயே ஓய்ந்துகொண்டிருக்கிறது.

ஆகவே ஜூனியர் தம்பி தங்கைகளே, ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் புராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடி அலைகிறீர்கள். ஒரு பேட்ச் மாணவர்கள் கடற்கரைக் குப்பங்களுக்குப் போங்கள். கையில் இருக்கும் போனே போதும். மரத்தை எப்படிச் செதுக்குகிறார்கள், எந்த முடிச்சு எங்கே, ஒவ்வொரு பாகத்துக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன என்று பெரியவர்களைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். கயிற்று இணைப்பின் விசைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முடிந்தால் ஒரு மரம் கட்டி நம் கல்லூரி வளாகத்தில் வையுங்கள். கட்டுபவருக்கு உரிய கூலியும் மரியாதையும் கொடுத்துத்தான். செலவில் என் பங்கு உண்டு. சங்கச் செயலாளரிடம் பேசியும் விட்டேன்.

போகும்போது ஒன்று மட்டும் மறக்காதீர்கள். நான் செய்த மாதிரி விடையைக் கையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.

அந்தச் சுவர்க்கடிகாரம் செலியமேட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்னும் ஓடுகிறது. பரிசைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால் அம்மா விடமாட்டேன் என்கிறார். அதற்குப் பதிலாக இந்தக் கட்டுரையைக் கல்லூரி ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ரீயூனியனில் சந்திப்போம்.